தாலின் பழைய நகரம்: இரண்டு மணி நேரம் போதுமா?

மார்ச் 2, காலை (கேள்வி)

ஜூலையில் ஹெல்சின்கி போகிறோம். ஐந்து பேர், அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு நாள் எஸ்டோனியாவின் தாலின் போய்வர யோசனை. வரைபடத்தில் பார்த்தால் பழைய நகரம் மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான் தெரிகிறது. "இரண்டு மணி நேர வேலை, மதியக் கப்பலிலேயே திரும்பிடலாம்" என்கிறார் நண்பர். சரியா?

மார்ச் 2, இரவு

ஒரு கிலோமீட்டர் என்பது சரி. இரண்டு மணி நேரம் என்பது தப்பு.

தெற்கே விடுதலைச் சதுக்கத்தில் ஆரம்பித்து வடக்கே 'கொழுத்த மார்கரேட்' கோபுரம் வரை எங்கும் நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். சுண்ணாம்புப் பாறை மேட்டின் மேல் தோம்பெயா. அங்கே பிஷப்பும் பிரபுக்களும் இருந்தார்கள். கீழே வணிகர்களின் ஊர். அதற்குச் சொந்த மன்றம், 1248 முதல் ஜெர்மன் நகரமான லூபெக்கின் சட்டம். இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான். அதுவரை நடுவில் சுவர், வாசல், ராத்திரியானால் பூட்டு. இன்றைக்கும் மேலிருந்து கீழே இறங்க உருப்படியான வழிகள் நாலைந்துதான்.

வரைபடத்தில் இது தெரியாது, அதுதான் சிக்கல். கைபேசியில் "40 மீட்டர்" என்று காட்டும் இடம் நிஜத்தில் செங்குத்துப் பாறைக்குக் கீழே இருக்கும். சுற்றி இறங்கப் பத்து நிமிடம் ஆகும்.

காலை 7.30 வாக்கில் ஹெல்சின்கியில் கப்பல் ஏறினால் 9.30க்கு இறங்கலாம். மாலை 7.30 வாக்கில் திரும்பும் கப்பலில் பதிவு செய்யுங்கள். மதியக் கப்பல் வேண்டாம்.

மார்ச் 3

வரிசையைச் சொல்லவில்லையே. அம்மாவின் முழங்காலை வைத்து யோசித்தால்: முதலில் மேலே, பிறகு இறக்கம். மலையேற்றத்துக்கு நடையே வேண்டாம்.

துறைமுகத்தில் செயலி வழியாக போல்ட் வாடகை வண்டி பிடியுங்கள் (அந்த நிறுவனமே தாலினில் பிறந்ததுதான், 2013இல்). சேருமிடம் லொஸ்ஸி பிளாட்ஸ், அதாவது கோட்டைச் சதுக்கம். தெற்குப் பக்கத்து தோம்பெயா தெரு வழியாக வண்டி மேலேயே கொண்டுபோய் விடும். இறங்கினால் ஒரு பக்கம் வெங்காயக் குவிமாடத்தோடு அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம், எதிர்ப்பக்கம் இளஞ்சிவப்பு நிறத்தில் எஸ்டோனிய நாடாளுமன்றம். பேராலயம் பார்க்கப் பழசு போலத் தெரியும், ஆனால் 1900இல் முடிந்த கட்டடம். ரஷ்யப் பேரரசு நாடாளும் இடத்துக்கு நேர் எதிரே வேண்டுமென்றே எழுப்பியது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து மூன்று நிமிடம் நடந்தால் தோம்கிரிக், வெள்ளைச் சுவர்த் தேவாலயம். சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய குலச்சின்னங்கள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு பிரபு வீட்டுச் சாவைச் சொல்கிறது. சில ஆளுயரம் தாண்டும். நுழைந்ததும் காலடியில் பெரிய கல்லறைப் பலகை ஒன்று வரும், தாண்டித்தான் போக வேண்டும். ஊர்ச் சுகங்கள் எதையும் விடாத ஒருவர், பாவம் தீர எல்லோரும் தன்னை மிதித்துப் போகட்டும் என்று வாசலில் புதைக்கச் சொன்னதாகக் கதை. உலகைச் சுற்றிவந்த ரஷ்யக் கடற்படைப் பயணத்துக்குத் (1803–06) தலைமை தாங்கிய க்ருசென்ஷ்டெர்னின் கல்லறையும் இதே கோயிலில்.

அடுத்து கொஹ்துவொத்சா, பாத்குலி என்று இரண்டு காட்சிமேடைகள். பிறகு பிக் யால்க் வழியாக இறக்கம். அவ்வளவுதான் மேல் ஊர். நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம்.

மார்ச் 3, இன்னும் ஒன்று

'பிக் யால்க்' என்றால் நீளக் கால். 'லூஹிகெ யால்க்' என்றால் குட்டைக் கால். மேலும் கீழும் இணைக்கும் இரண்டு வழிகளுக்கும் இதுதான் பெயர். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் தாலின் நொண்டும் ஊர் என்று அங்கே பழைய நகைச்சுவை.

உங்களுக்கு முக்கியம் இது: குட்டைக் காலில் படிகள் உண்டு. நீளக் கால் சாய்வான பாதை, படி இல்லை. அம்மாவுக்கும் குழந்தை வண்டிக்கும் நீளக் கால்தான். பாத்குலியிலிருந்து நேரே இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு, 157 படி. குறுக்குவழி என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள்.

மார்ச் 5

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'பிக்' என்ற சொல் மூன்று இடத்தில் வரும்: பிக் யால்க் (இறங்கும் பாதை), பிக் தெரு (கீழ் ஊரின் முதுகெலும்பு), பிக் ஹெர்மன் (நாடாளுமன்றத்தை ஒட்டிய 45.6 மீட்டர் கோபுரம்). "பிக்கில் நிற்கிறேன்" என்று குடும்பத்தில் ஒருவர் சொன்னால் எந்தப் பிக் என்று கேளுங்கள்.

தெருப் பலகை படிக்க: தானவ் என்றால் தெரு, பிளாட்ஸ் அல்லது வால்யக் என்றால் சதுக்கம், கைக் என்றால் சந்து, தொர்ன் என்றால் கோபுரம், வாரவ் என்றால் வாசல், கிரிக் என்றால் தேவாலயம். சூர் பெரியது, வைகெ சின்னது, வானா பழையது, ஊஸ் புதியது. பத்துச் சொல் தெரிந்தால் பாதி ஊர் புரிந்துவிடும்.

கழிப்பறைக் கதவு: எம் என்ற எழுத்து ஆண்கள் (மெஹெத்), என் என்ற எழுத்து பெண்கள் (நைசெத்). எழுத்து இல்லாமல் முக்கோணம் மட்டும் போட்டிருந்தால், முனை கீழே பார்ப்பது ஆண்களுக்கு, மேலே பார்ப்பது பெண்களுக்கு. தோளும் பாவாடையும் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 9

"எந்தப் பக்கம் முடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல் சீட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். துறைமுகத்தில் ஏ, டி என இரண்டு டெர்மினல். ஏ டெர்மினலுக்கு வடக்கு முனை, கொழுத்த மார்கரேட் பக்கம் வெளியேறுவது சுருக்கம். டி டெர்மினலுக்கு கிழக்கே விரு வாசல் வழி. திசை மாறி வெளியேறினால் கூடுதலாக ஒரு கிலோமீட்டர், அதுவும் நாள் முழுக்க உருளைக்கல்லில் நடந்த காலோடு.

கப்பல் கிளம்ப 20–30 நிமிடம் முன்பே ஏறும் வாசல் மூடிவிடும். கிளம்பும் நேரத்தை இலக்காக வைத்து ஓடுகிறவர்கள்தான் கோட்டை விடுவது.

பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள். பின்லாந்தும் எஸ்டோனியாவும் ஷெங்கன் பகுதி என்பதால் முத்திரை குத்த மாட்டார்கள். ஒருமுறை நுழையும் விசாவே போதும். ஆனால் அடையாளம் கேட்பார்கள்.

மார்ச் 10

கீழ் ஊர். இதில்தான் நேரம் கரையும்.

பிக் யால்க் முடியும் வாசல் கோபுரத்தில் இரண்டு வழி பிரியும். வலப்பக்கம் ரதாஸ்கயெவு தெரு வழியாக நிகுலிஸ்தெ என்ற பழைய தேவாலயம். நேரே பிக் தெரு. பலர் நேரே போய்விடுகிறார்கள். நிகுலிஸ்தெயை விடக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் அது இதுதான்.

இப்போது அது வழிபாட்டுத் தலம் இல்லை, கலைக்கூடம். உள்ளே பெர்ன்ட் நொட்கெ வரைந்த 'மரண நடனம்', 15ஆம் நூற்றாண்டின் கடைசி. துணியில் தீட்டியது, மிஞ்சியது ஏழரை மீட்டர்தான், மொத்த ஓவியத்தின் ஆரம்பத் துண்டு. இடமிருந்து பாருங்கள். முதலில் மேடையில் பிரசங்கியார். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது. இன்னொன்று சவப்பெட்டியைத் தோளில் சுமக்கிறது. அப்புறம் வரிசையாகக் கைகோத்து: போப், சக்கரவர்த்தி, சக்கரவர்த்தினி, கர்தினால், அரசர். ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு எலும்புக்கூடு, ஆடிக்கொண்டு. ஆடுவது எலும்புக்கூடுகள் மட்டும்தான், மற்றவர்களுக்குக் கால் நகரவே இல்லை. அந்த விறைப்பைக் கவனித்தால் ஓவியர் என்ன கிண்டல் செய்கிறார் என்று புரியும். கீழே கீழ்-ஜெர்மன் மொழியில் வரிகள்: மரணம் கூப்பிடும், இவர்கள் சாக்குச் சொல்வார்கள். இருட்டான அறை; கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

இது தப்பித்ததே பெரிய கதை. 1524இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கூட்டம் ஊரிலுள்ள தேவாலயங்களை உடைத்துக்கொண்டு வந்தபோது, நிகுலிஸ்தெயின் பொறுப்பாளர் பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டார் என்பார்கள். கதவு திறக்கவில்லை, கூட்டம் போய்விட்டது. 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு போட்டதில் கட்டடம் எரிந்தது. ஓவியத்தை முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

மார்ச் 10, இரவு

நேற்றைய குறிப்பை மார்ச் 9இல் எழுதியிருக்கிறேன், இன்றைக்குத்தான் உறைக்கிறது. பக்கத்து ஹாரியு தெருவில் ஒரு புறம் மட்டும் வீடே இல்லாமல் புல்வெளியாக இருக்கும். அழகுக்காக விட்ட பூங்கா இல்லை. அந்த இரவில் போன வீடுகளின் இடம்.

மார்ச் 14

நகர மன்றச் சதுக்கம், ராயெகோயா பிளாட்ஸ். மன்றக் கட்டடம் இன்றைய உருவத்துக்கு வந்தது 1404இல். உச்சியில் காற்றுத்திசை காட்டும் 'கிழட்டுத் தோமஸ்' பொம்மை 1530இலிருந்து நிற்கிறது. இப்போது மேலே இருப்பது நகல். மழைநீர் கக்கும் டிராகன் தலைகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தூணில் தொங்கும் இரும்புக் கழுத்து வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. குற்றவாளியைச் சந்தைக்கு நடுவே நிறுத்தி வைக்க.

சதுக்கத்தின் மூலையில் மருந்துக்கடை. 1422இல் ஏட்டில் பெயர் வருகிறது, அதே கட்டடத்தில் தொடர்ந்து நடக்கும் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பூர்ஹார்ட் என்ற ஒரே குடும்பம் முந்நூறு ஆண்டுக்கு மேல், 1911 வரை நடத்தியது. பின்னறையில் அந்தக் கால மருந்துச் சரக்குகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

எதிரே 'சாயாகாங்', வெள்ளை ரொட்டிச் சந்து. பத்துக் காலடி வைத்தால் தீர்ந்துவிடும். முடியும் இடத்தில் பூஹாவைமு தேவாலயச் சுவரில் நீலமும் பொன்னுமாக ஒரு கடிகாரம், 1684இல் ஆக்கர்மான் செதுக்கியது. நாலு மூலையிலும் நாலு சுவிசேஷகர்கள். உள்ளே பலிபீடம் 1483, அதுவும் நொட்கெ பட்டறை. எஸ்டோனிய மொழியில் முதலில் பிரசங்கம் கேட்டதும் இந்தக் கோயிலில்தான். பெரிய கோயில்களெல்லாம் ஜெர்மன்காரர்களுக்கு.

சதுக்கத்தில் சாப்பிடாதீர்கள். ஒரு தெரு தள்ளினால் விலை இறங்கும். வெளியே நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடை எதுவானாலும் தாண்டிப் போங்கள்.

மார்ச் 15

பிக் தெருவில் வடக்கே: பெருவணிகர் சங்க மண்டபம் (1410, இப்போது வரலாற்று அருங்காட்சியகம்), பிறகு கருந்தலையர் மாளிகை. கருந்தலையர் என்பது கல்யாணம் ஆகாத இளம் வணிகர்களின் சங்கம். பச்சை, சிவப்பு, பொன் பூசிய கதவு 1640ஐச் சேர்ந்தது. கதவுக்கு மேலே அவர்கள் காவலரான புனித மொரீஷியஸின் கறுப்புத் தலை. நடுவில் ரஷ்யத் தூதரகம். எதிர்ப்பு வாசகங்கள் தொங்கும் தடுப்பு இருக்கும், நடைபாதை குறுகும். அப்புறம் ஒலெவிஸ்தெ தேவாலயம். உலகத்திலேயே உயரமான கட்டடமாக 1549 முதல் 1625 வரை 159 மீட்டரில் நின்றது.

மார்ச் 17

மேலே கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ஒருவர் சுட்டிக்காட்டியது நியாயம். 159 மீட்டர் என்பது பழைய அளவுக்கோல் கணக்கில் வந்த குழப்பம் என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்றைய உயரத்தை ஒட்டித்தான் அன்றும் இருந்திருக்கும். இன்று 123.7 மீட்டர். கையேடுகள் இன்னும் 159 என்றே அச்சடிக்கின்றன, நானும் யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன்.

சந்தேகமில்லாத விஷயம் இடி. பலமுறை விழுந்து, 1625இலும் 1820இலும் கோபுரம் எரிந்தே போனது. சோவியத் காலத்தில் உளவு நிறுவனமான கே.ஜி.பி. இந்த ஊசிக் கோபுரத்தை ரேடியோ வேலைக்கு வைத்துக்கொண்டது. அவர்கள் அலுவலகம் அதே பிக் தெருவில், இரண்டு நிமிட நடை. சிறையாக இருந்த அதன் நிலவறை இப்போது அருங்காட்சியகம், வாசல் பகரி தெருப் பக்கம்.

மார்ச் 17, தொடர்ச்சி

ஏறலாமா என்று கேட்டால்: அம்மா கூடாது, மற்றவர்கள் யோசித்து. 230க்கு மேல் கல்படி, சுருள் படிக்கட்டு, ஒரு ஆள் அகலம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே படியில்தான். கைப்பிடிக்கு ஒரு கயிறு. பெரிய முதுகுப்பையோடு ஏறினால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். பையை முன்பக்கம் மாட்டுங்கள். எதிரே ஆள் வந்தால் இறங்குகிறவர் சன்னல் குழியில் ஒதுங்கி நிற்பதே வசதி. மேலே 60 மீட்டர் உயரத்தில் கூரையைச் சுற்றி ஒடுங்கிய பலகை நடை. காற்றடித்தால் தொப்பி போய்விடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறப்பு.

முழங்கால் வலி கொண்டவர்களுக்கு மாற்று: நிகுலிஸ்தெ கோபுரத்தில் இப்போது லிஃப்ட் இருக்கிறது. ஓவியமும் பார்த்து, காட்சியும் பார்த்து, ஒரே சீட்டு வாங்கினால் தீர்ந்தது.

மார்ச் 21

மார்ச் 3இல் "முதலில் மேலே" என்று சொன்னேன். வெளிச்சத்தை மறந்துவிட்டேன். கொஹ்துவொத்சா மேடை கிழக்கே பார்க்கிறது. காலை பத்து மணிக்கு நின்றால் சூரியன் முகத்தில். கீழ் ஊரின் சிவப்பு ஓடுகளும் கோபுரங்களும் படத்தில் கறுப்பு நிழலாக விழும். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய், ஓடெல்லாம் பழுத்த நிறத்துக்கு வரும். பாத்குலி வடக்கு-வடகிழக்கு, அங்கே ஜூலை மாலை மிக நன்று.

அப்படியானால் வரிசையைத் தலைகீழாக்கலாமா? கால் நன்றாக உள்ளவர்கள் மாற்றலாம். உங்களுக்கு மாற்ற வேண்டாம். படம் முக்கியமா முழங்கால் முக்கியமா என்றால் விடை தெரிந்ததே. தவிர கோடையில் சொகுசுக் கப்பல் கூட்டம் முற்பகலில் சேர ஆரம்பித்து மூன்று மணி வரை அந்த மேடையில் தோளோடு தோள் நிற்கும். கூட்டம் நிறைவதற்குள் நீங்கள் அங்கே போய்விட்டால் வெளிச்சம் மோசம், இடம் தாராளம்.

மார்ச் 22

இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு வரி: ஜூன் கடைசியில் சூரியன் இரவு 10.40 வாக்கில்தான் மறையும். எட்டு மணிக்குக் கப்பல் கூட்டம் போன பிறகு மூன்று மணி நேர வெளிச்சம் சும்மா கிடக்கும். தங்க முடிந்தால் தங்குங்கள்.

ஏப்ரல் 1

சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உச்சத்தில் 2.4 கிலோமீட்டர், 46 கோபுரம். இப்போது சுமார் 1.9 கிலோமீட்டர் மிச்சம். மேலே நடக்க இரண்டு இடம். கிழக்கே மூரிவாஹெ தெருவில் ஹெல்லெமான் கோபுரம்; அங்கிருந்து 200 மீட்டர் போல மர நடைபாதை. மேற்கே நுன்னா, சௌனா, குல்த்யாலா என்ற மூன்று கோபுரங்களை இணைக்கும் துண்டு. மேற்குத் துண்டே என் தேர்வு. அங்கிருந்து தோம்பெயா மேடு முழுசாகத் தெரியும், கூட்டமும் குறைவு. இரண்டிலுமே படி செங்குத்து, மரப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி. குதிகால் செருப்பு ஆகாது.

ஹெல்லெமானுக்குப் பக்கத்தில் கதரீனா கைக், வளைவுகள் தாங்கிய சந்து. ஒரு பக்கச் சுவரில் ஆளுயரக் கல்லறைப் பலகைகள் சாத்தியிருக்கும். 1246இல் தொடங்கிய டொமினிக்கன் மடத்தின் தேவாலயத்தில் கிடந்தவை. மூரிவாஹெயில் சுவரை ஒட்டிக் கம்பளிக் கடைகள்: கையுறை, தொப்பி, ஸ்வெட்டர். வாங்குமுன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் பின்னியதில் நூல் முடிச்சு ஒழுங்கற்று இருக்கும், இயந்திரத்தில் வந்தது கோடு போட்டது போல இருக்கும்.

மேல் ஊரின் தெற்குச் சரிவில் 'கீக் இன் டெ கோக்'. பழைய கீழ்-ஜெர்மனில் 'அடுப்படியை எட்டிப் பார்' என்று பொருள். 38 மீட்டர் உயரத்திலிருந்து காவல் வீரர்களுக்குக் கீழே ஊராரின் புகைபோக்கி வழியே என்ன கொதிக்கிறது என்று தெரியுமாம். சுவர் நாலு மீட்டர் தடிமன். ரஷ்ய மன்னர் இவானின் படை 1577இல் முற்றுகையிட்டபோது விட்ட குண்டுகளின் நினைவாகச் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பதிந்திருக்கும். அடியில் சுவீடன் ஆட்சிக் காலத்துச் சுரங்கப் பாதைகள். கோடையிலும் உள்ளே 10 டிகிரிக்குக் கீழேதான். ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு போய்ப் பல் கிட்டித்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஏப்ரல் 2

கோபுரச் சீட்டுகள் சேர்ந்தால் பை காலியாகும். தாலின் கார்டு 24, 48, 72 மணி நேரக் கணக்கு. முதலில் உபயோகித்த நிமிடத்திலிருந்து ஓடும். மூன்று அருங்காட்சியகத்துக்கு மேல் போனால்தான் லாபம். உங்கள் நாளுக்கு நிகுலிஸ்தெயும் இன்னொன்றும் என்றால் தனித்தனியாக வாங்குவதே மேல். திங்கட்கிழமை பல இடங்கள் மூடல், கோடை இல்லாத மாதங்களில் இன்னும் அதிகம். கப்பல் பதிவுக்கு முன் கிழமையைப் பாருங்கள்.

ஏப்ரல் 6

சைவச் சாப்பாடு. முடியும், கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும்.

'தைமெதொயித்' என்றால் சைவம். 'இல்மா லிஹாதா' என்றால் இறைச்சி இல்லாமல். சூப்பில் காய் மட்டும் தெரிந்தாலும் இறைச்சி வேகவைத்த நீராக இருக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். கம்பு மாவு போலக் கறுத்து, புளித்து, கெட்டியாக இருக்கும் ரை ரொட்டி ('லெய்ப்') எங்கும் கிடைக்கும். 'கமா' என்று ஒன்று: வறுத்த பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி அரைத்த மாவு, தயிரிலோ மோரிலோ கலக்கிக் குடிப்பது. நம்ம சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கடை குளிர்பெட்டியில் 'கொஹுகெ', தயிர்க்கட்டிக்கு மேல் சாக்லேட் பூசியது. குழந்தைகள் இருந்தால் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு பால்தி ரயில் நிலையச் சந்தை. பழைய நகரத்தின் வடமேற்கு விளிம்பைத் தாண்டியதும். ஒரே கூரைக்கடியில் பல நாட்டு அடுக்களைகள், பழம், கழிப்பறை எல்லாம். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம், போத்தல் வாங்கிச் சுமக்க வேண்டாம்.

1864இலிருந்து நடக்கும் மாயாஸ்மொக் காபிக்கடை பிக் தெரு ஆரம்பத்தில். பாதாம் அரைத்த மார்சிபான் உருவங்கள் சன்னலில் வைத்திருப்பார்கள். பார்க்க அழகு, தின்ன அதீத இனிப்பு.

ஏப்ரல் 6, திருத்தம்

லெய்ப் "கம்பு மாவு போல" என்று எழுதியது நிறத்தையும் கெட்டியையும் மட்டும். ரை வேறு, கம்பு வேறு. தானிய ஆர்வலர்கள் பொறுத்தருள்க.

ஏப்ரல் 19 (வேறொருவர் கேள்வி: டிசம்பரில் எப்படி?)

வேறு ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் விடிவது 9.15 வாக்கில், 3.20க்கெல்லாம் சூரியன் போய்விடும். ஒலெவிஸ்தெ கோபுரம் பூட்டு. மேல் ஊரைப் பகல் 11லிருந்து 2க்குள் முடித்து, இருட்டியபின் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்கு இறங்குங்கள். 1441இல் கருந்தலையர் அங்கே மரம் நிறுத்தினார்கள், உலகின் முதல் பொதுக் கிறிஸ்துமஸ் மரம் அதுதான் என்பது தாலின்காரர்கள் கட்சி. லாட்வியாவின் ரீகாக்காரர்கள் தங்கள் ஊரின் 1510ஐச் சொல்லி ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு ஆபத்து. ஒன்று தரை: உருளைக்கல்லின் தலை மட்டும் பனியில் கண்ணாடியாகி நிற்கும். கல்லின் மேல் கால் வைக்காமல் இடுக்கில் வையுங்கள். லூஹிகெ யால்க் படிகளில் கைப்பிடி பிடிக்காமல் இறங்கவே கூடாது. காலணியில் மாட்டும் இரும்பு முள் பட்டை உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும். இரண்டு கூரை: வெயில் அடித்ததும் ஓட்டு விளிம்பில் தொங்கும் பனி ஈட்டிகள் விழும். நடைபாதையில் நாடா கட்டியிருந்தால் அதற்குத்தான். நாடாவைத் தாண்டி நடக்காதீர்கள்.

மே 11

மழைக்கும் இதே கல் கதைதான். சதுக்கத்திலும் பெரும்பாலான தெருக்களிலும் உருளைக்கல். சில சந்துகளிலும் வாசற்படிகளிலும் தட்டையான சுண்ணாம்புப் பலகை, நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு வழவழப்பானது. உலர்ந்தபோது உருளைக்கல் மோசம், நனைந்தால் சுண்ணாம்புப் பலகை மோசம். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டிலும் போகாதீர்கள். துறைமுக லாக்கரில் போட்டுவிட்டுக் கை வீசி வாருங்கள்.

ஜூன் 28 (முதலில் கேட்டவர்)

அடுத்த வியாழன் போகிறோம். ஏ டெர்மினல். ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

ஜூன் 28, இரவு

9.30 இறங்கி வண்டியில் லொஸ்ஸி பிளாட்ஸ். பேராலயம், தோம்கிரிக், கொஹ்துவொத்சா, பாத்குலி. 11.30க்கு பிக் யால்க் இறக்கம். வாசல் கோபுரத்தில் வலப்பக்கம் திரும்பி நிகுலிஸ்தெ, லிஃப்ட் உட்பட ஒரு மணி நேரம். சதுக்கம், மருந்துக்கடை, சாயாகாங், கடிகாரம். 1.30க்குச் சாப்பாடு, சந்தைக்கு அம்மாவை நடக்கவைக்காமல் அருகிலேயே ஒரு பக்கத் தெருவில். 3 மணிக்கு விரு வாசல் வரை போய், மூரிவாஹெ, கதரீனா கைக். சந்தின் மறுமுனை வெனெ தெரு. அதிலிருந்து பிக் தெருவுக்குக் குறுக்கே வந்து வடக்கே நடந்தால் ஒலெவிஸ்தெ. இளசுகள் கோபுரம் ஏறட்டும், நீங்களும் அம்மாவும் 'மூன்று சகோதரிகள்' எனப்படும் பழைய வீடுகளுக்குப் பக்கம் உட்காருங்கள். 5.30க்கு கொழுத்த மார்கரேட், 25 மீட்டர் விட்டம், உள்ளே கடல்சார் அருங்காட்சியகம். உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை. வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் புல்மேட்டில், வளைந்து வந்து நடுவில் முறிந்த கறுப்புக் கோடு போல ஒரு நினைவுச்சின்னம். 1994 செப்டம்பர் 28 அதிகாலை மூழ்கிய 'எஸ்டோனியா' கப்பலில் இறந்த 852 பேருக்கு. அங்கிருந்து ஏ டெர்மினல் பத்துப் பதினைந்து நிமிடம். 6.30க்குள் கிளம்பிவிடுங்கள்.

ஜூன் 29

விரு வாசலுக்கு வெளியே பூக்கடைகள் இருக்கும். அம்மாவுக்கு அங்கே ஒரு பெஞ்சும் கிடைக்கும், மூன்று மணிக்கு அது தேவைப்படும். நேற்றைய பத்தியில் அந்த இருபது நிமிடத்தைச் சேர்க்க மறந்தேன். கருந்தலையர் கதவைக் கடந்துபோகும்போது பார்த்துக்கொள்ளுங்கள், நிற்க வேண்டாம், கணக்குச் சரியாகிவிடும்.